பெரும்புள்ளியும் சிறுபுள்ளியும்

தமிழில் ஒரு சொல் ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. புள்ளிவிவரம். எண்ணிக்கை சம்பந்தப்பட்ட சங்கதிக்கு ஏன் "புள்ளி" என்று பேர் வந்தது? அகராதிக்காரர்கள் ஏதாவது காரணம் வைத்திருப்பார்கள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே மேப் மேல் வைத்த புள்ளிதான் ஞாபகம் வரும். ஊரில் செல்வாக்கான ஆளைப் "பெரும்புள்ளி" என்கிறோமே, அதுவும் அப்படித்தான். அளவு பெரிதானால் புள்ளியும் பெரிதாகும் என்ற யோசனை நம் பேச்சு வழக்கிலேயே இருக்கிறது. ஆனால் நம் பத்திரிகைகளும் டிவி சேனல்களும் மேப் போடும்போது மட்டும் அது எங்கே போகிறதோ தெரியவில்லை. கலர் டப்பாவைத் திறந்து மாவட்டம் மாவட்டமாகப் பூச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இந்தப் பதிவு அதைப் பற்றித்தான். மேப்பில் ஓர் எண்ணிக்கையைக் காட்ட வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவது? தூக்கம் வருகிற தலைப்பு என்று எனக்கும் தெரியும். (புவியியல் படிக்கிறேன் என்று சொன்னாலே "ஓ, தலைநகரம் எல்லாம் மனப்பாடமா?" என்று கேட்கிற உலகம் இது.) ஆனால் ஓட்டு, தண்ணீர், சாவு மூன்றையும் நமக்கு மேப் போட்டுத்தான் காட்டுகிறார்கள். அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் மேப் குறிக்கச் சொல்வார்கள். நெல் விளையும் இடம், துறைமுகம், மலைத்தொடர். எல்லோரும் பென்சில் சீவி, கடலுக்கு நீலம் அடித்து, மார்க் வாங்கிவிட்டோம். அங்கே போடுகிற குறிகள் எல்லாம் "இங்கே இது இருக்கிறது" என்று மட்டும் சொல்பவை. எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. தஞ்சாவூரிலும் ஒரு நெல் குறி, வேறு எங்கேயோ ஒரு மூலையிலும் அதே அளவில் ஒரு நெல் குறி. முறைக்குறியீடுகள் என்று பாடமாகப் படித்ததோடு சரி, குறியின் அளவுக்கும் ஓர் அர்த்தம் உண்டு என்று யாரும் சொல்லித்தரவில்லை. அதோடு புவியியலுக்கு டாட்டா காட்டிவிட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் போனவர்கள்தான் பின்னாளில் சேனல்களுக்கு கிராஃபிக்ஸ் செய்கிறார்கள் என்று ஒரு சந்தேகம்.

தேர்தல் முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 2021 மே 2-ஆம் தேதி. எல்லா சேனலிலும் தமிழ்நாட்டு மேப், 234 தொகுதி, கட்சிக்கொரு கலர். அந்த மேப்பில் சென்னையைத் தேடியவர்களுக்குத் தெரியும் கஷ்டம். வலது பக்க மேல் மூலையில் மூக்குத்தி மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மூக்குத்திக்குள்தான் 16 தொகுதிகள். பழைய சென்னை மாவட்டத்தின் பரப்பு 175 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000. அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தொகுதிக் கணக்கிலோ 234-ல் 16, கிட்டத்தட்ட நூற்றுக்கு ஏழு. பக்கத்தில் நீலகிரியைப் பாருங்கள். பரப்பில் சென்னையைப் போல பதினான்கு மடங்குக்கும் மேல். தொகுதிகள் மூன்றே மூன்று. கலர் பூசினால் கண்ணுக்கு எது பெரிதாகத் தெரியும்? ஒரு கட்சி மலையும் காடும் நிறைந்த பெரிய தொகுதிகளை ஜெயித்தால் மேப் முழுக்க அந்தக் கலர்தான். நகரத்தை மொத்தமாக ஜெயித்தால் மூக்குத்தியில் கலர் மாறும், அவ்வளவுதான். அந்த 2021 தேர்தலில் சென்னையின் 16 தொகுதிகளையும் தி.மு.க. கூட்டணியே ஜெயித்தது. மேப்பைப் பார்த்து அதன் கனம் யாருக்காவது புரிந்திருக்குமா?

இதே சங்கதி நாடு முழுவதற்கும் பொருந்தும். பரப்பில் இந்தியாவின் பெரிய மாநிலம் ராஜஸ்தான், மக்களவையில் 25 இடம். தமிழ்நாட்டுக்கு 39. தொகுதி மறுவரையறை பற்றிக் காரசாரமாகப் பேசுகிறோமே, அந்தப் பேச்சு முழுக்க மக்கள்தொகையைப் பற்றியது. ஆனால் அதற்குப் போடுகிற மேப் நிலத்தைக் காட்டுகிறது. மணலுக்கு ஓட்டு கிடையாது ஐயா!

சரி, வட்டத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாவட்டத்தின் மேலும் ஒரு வட்டம், எண்ணிக்கைக்குத் தகுந்த அளவில். இது புது யோசனையே இல்லை. வில்லியம் பிளேஃபேர் 1801-ல் நாடுகளின் பரப்பை வட்டங்களாக வரைந்து ஒரு புத்தகம் போட்டார். மேப்புக்கு மேலேயே வட்டத்தை வைத்தவர் ஹென்றி ட்ரூரி ஹார்னெஸ் என்ற ராணுவப் பொறியாளர். 1837-ல் அயர்லாந்தில் ரயில் பாதை எங்கே போடலாம் என்று ஆராய்ந்த ஆணையத்துக்காக, ஊர்களின் மக்கள்தொகையை வட்டங்களாக வைத்து வரைந்தார். எந்த ஊரில் எவ்வளவு பேர் என்று தெரிந்தால்தானே ரயில் விட முடியும்? அதற்கு முன்பே 1830-ல் ஃப்ரேர் டி மோன்டிசோன் என்ற பிரெஞ்சுக்காரர் பத்தாயிரம் பேருக்கு ஒரு புள்ளி என்று பிரான்ஸ் முழுக்கப் புள்ளி வைத்துவிட்டார். நம் பாட்டிகள் மார்கழியில் வாசலில் செய்வதைப் போல. ஒரே வித்தியாசம், இவர் கோடு இழுக்காமல் விட்டுவிட்டார்.

வட்டம் போடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. ரொம்பச் சின்னக் கணக்கு, ஆனால் நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். வட்டத்தின் பரப்பு எண்ணிக்கைக்குச் சமமான விகிதத்தில் இருக்க வேண்டும். ஆகவே ஆரத்துக்கு எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை எடுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை 46,46,732. மாநிலத்திலேயே சிறியது பெரம்பலூர், 5,65,223. சென்னை 8.2 மடங்கு. வர்க்கமூலம் எடுத்தால் 2.87. பெரம்பலூருக்கு 1 செ.மீ. ஆரத்தில் வட்டம் போட்டால் சென்னைக்கு 2.87 செ.மீ. போட்டால் போதும். வர்க்கமூலத்தை மறந்து ஆரத்தையே 8.2 மடங்கு ஆக்கினால், பரப்பு 67 மடங்கு ஆகிவிடும். எட்டு மடங்கு உள்ள ஊர் அறுபத்தேழு மடங்காக வந்து உட்காரும். பொய் சொல்லாமலே பொய் சொல்கிற வித்தை இதுதான். கீழே எழுதியிருக்கிற எண் சரியாகவே இருக்கும், படம் மட்டும் புளுகும்.

வட்டத்துக்கே இந்தக் கதி என்றால், படம் போடுகிறவர்கள் குடத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சென்னைக்கு வேண்டிய உதாரணம் இது. ஏரிகள். முழுக் கொள்ளளவில் செம்பரம்பாக்கம் 3,645 மில்லியன் கன அடி, புழல் 3,300, பூண்டி 3,231, சோழவரம் 1,081. இவற்றோடு சேர்ந்த கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை 500. தண்ணீர் என்றால் குடம் போட்டால் பொருத்தமாக இருக்கும் என்று யாருக்கும் தோன்றும், அதுவும் பச்சை, ஆரஞ்சு கலர் பிளாஸ்டிக் குடங்களோடு லாரிக்குக் காத்து நின்ற ஊர் இது. செம்பரம்பாக்கம் கண்ணன்கோட்டையைப் போல 7.29 மடங்கு. குடத்தை 7.29 மடங்கு உயரமாக வரைந்து, அகலத்தையும் அதே மாதிரி இழுத்தால், தாளில் அது பிடிக்கும் இடம் 53 மடங்கு. குடம் என்பது கன அளவுள்ள பொருள், உள்ளே எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று கண் கற்பனை செய்தால் 387 மடங்கு! எது உண்மை? 7.29. பள்ளிக்கூடக் கணக்குத்தான், ஆனாலும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஆச்சரியம் தீரவில்லை.

இதற்கு வியன்னாவில் ஓட்டோ நியூராத் என்பவர் 1920-களிலேயே ஒரு வழி சொன்னார். படத்தைப் பெரிதாக்காதே, அதே அளவுப் படத்தைத் திரும்பத் திரும்ப வை. ஐந்நூறுக்கு ஒரு குடம் என்றால் கண்ணன்கோட்டைக்கு ஒன்று, செம்பரம்பாக்கத்துக்கு ஏழு குடமும் கொஞ்சமும். யாரும் ஏமாற முடியாது, எண்ணிப் பார்த்துவிடலாம். தண்ணீர் லாரிக்காரரிடம் நம் அம்மாக்கள் செய்யும் கணக்கும் இதுவேதான்.

"அப்புறம் வட்டம் எதற்கு, எல்லாவற்றையும் புள்ளியாகவே வைத்துவிட்டால் என்ன?" நியாயமான கேள்வி. எங்கள் வகுப்பில் பிராக்டிகல் ரெக்கார்டு போட்ட எல்லோருக்கும் இதன் விடை விரல் நுனியில் இருக்கும், மையோடு சேர்த்து. மோன்டிசோன் கணக்கிலேயே பத்தாயிரம் பேருக்கு ஒரு புள்ளி வையுங்கள். சென்னைக்கு 465 புள்ளி. ஒரு சென்டிமீட்டருக்கு 25 கிலோமீட்டர் என்று மேப் எடுத்தால் சென்னையின் 175 சதுர கிலோமீட்டரும் தாளில் கால் சதுர சென்டிமீட்டரும் சொச்சமும்தான். அரை மில்லிமீட்டர் பேனாவால் 465 புள்ளி வைத்தால், ஒன்றோடொன்று ஒட்டாமல் நெருக்கி வைத்தாலும் முக்கால் சதுர சென்டிமீட்டருக்கு மேல் வேண்டும். மீதிப் பேர் வங்காள விரிகுடாவில் நிற்க வேண்டியதுதான். புள்ளியின் மதிப்பை ஒரு லட்சம் ஆக்கினால் சென்னை அடங்கும். ஆனால் பெரம்பலூர் மாவட்டத்தில் மொத்தமே ஆறு புள்ளிதான் வரும், எங்கே வைப்பது?

ஸ்வீடனில் ஸ்டென் டி கீர் என்ற புவியியலாளர் 1919-ல் இதற்கு ஒரு சமரசம் கண்டார். கிராமத்துக்குப் புள்ளி, நகரத்துக்கு உருண்டை. உருண்டை என்றால் கனமூலம் எடுக்கலாம், ரொம்ப இடம் அடைக்காது. நம் ஊர்ப் பிராக்டிகல் வகுப்புகளில் இந்த முறை இன்றும் உயிரோடு இருக்கிறது. கோளத்துக்கு நிழல் அடித்து, லட்டு மாதிரி வரைந்து, மார்க் வாங்கலாம். பார்க்க அழகு. ஆனால் நான் இதற்கு எதிர்க்கட்சி. சென்னைக்கும் பெரம்பலூருக்கும் உள்ள 8.2 மடங்கின் கனமூலம் 2.02. இரண்டு மடங்கு அகலம். பார்க்கிறவர் கண்ணில் விழுவது தாளில் இருக்கிற வட்டம்தான், அதன் பரப்பு நான்கு மடங்கு. எட்டு மடங்குள்ள ஊர் நான்கு மடங்காகச் சுருங்கிவிட்டது. எவ்வளவு நிழல் அடித்தாலும் தாள் தட்டைதான். லட்டைத் தின்று பார்த்தால்தானே அது உருண்டை என்று தெரியும்!

கலர் பூசுவதை ஒரேயடியாகத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். விகிதத்துக்குக் கலர் சரி. ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர், நூற்றுக்கு எத்தனை பேர் எழுத்தறிவு பெற்றவர்கள், இதெல்லாம் நிலத்தின் மேல் பரவிக் கிடக்கிற குணம் மாதிரி. 1826-ல் சார்ல் டூபேன் பிரான்ஸில் கல்வியைக் காட்டக் கறுப்பு, சாம்பல் பூசி முதன்முதலாகச் செய்ததும் இப்படி ஒரு விகிதத்தைத்தான். ஆனால் விகிதத்திலும் கலருக்கு ஒரு வரம்பு உண்டு. ஐந்தாறு சாயலுக்கு மேல் கண் பிரித்துப் பார்க்காது. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் அடர்த்தியில் சென்னை 26,553. கன்னியாகுமரி 1,111, திருவள்ளூர் 1,098. "ஆயிரத்துக்கு மேல்" என்று ஒரு வகுப்பு வைத்துக் கரும் சிவப்பு அடித்தால் மூன்றும் ஒரே சிவப்பு. இருபத்து நான்கு மடங்கு வித்தியாசம் ஒரு பிரஷ் இழுப்பில் காணாமல் போய்விடும்.

2020-ல் நடந்ததைச் சொல்கிறேன். சென்னை மாநகராட்சியில் அப்போது 15 மண்டலங்கள். தினமும் மண்டல வாரியாகக் கொரோனா எண்ணிக்கை வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருக்கும் ராயப்பேட்டை தேனாம்பேட்டை மண்டலத்தில் வருகிறது. மே மாதத்தில் முதலில் ஆயிரத்தைத் தாண்டியது ராயபுரம் மண்டலம். (ராயபுரம் வடக்கே துறைமுகத்தைத் தாண்டி இருக்கிறது. ராயப்பேட்டை இங்கே மணிக்கூண்டுப் பக்கம். இந்த ஒரு எழுத்துக் குழப்பத்தால் வெளியூர்ச் சொந்தக்காரர்களிடமிருந்து வந்த போன்களுக்கு எங்கள் வீட்டில் கணக்கே இல்லை.) அந்த எண்ணிக்கையை அப்படியே கலராக்கி நிறைய படங்கள் போனில் சுற்றின. எத்தனை பேர் இருக்கிற மண்டலம், எத்தனை சோதனை செய்தார்கள், எதுவும் கிடையாது. மொத்த எண்ணிக்கை, அதற்கு ஒரு சிவப்பு. சிவப்பு விழுந்த மண்டலத்தில் ஒரு தெருவில்கூட யாருக்கும் ஒன்றுமில்லை என்றாலும் அந்தத் தெருவும் சிவப்புதான். அந்தத் தெருவிலிருந்து வரும் வேலைக்கார அம்மாவைப் பார்க்கிற பார்வையும் மாறிவிடும். கலர் எல்லைக் கோடு வரைக்கும் ஒரே சீராகப் பரவும், நோய் அப்படிப் பரவாது.

வட்டம் அப்படிச் செய்யாது. "இந்த மண்டலத்தில் மொத்தம் இவ்வளவு" என்று சொல்லிவிட்டு, நிலத்தின் மீது எதையும் பூசாமல் சும்மா இருக்கும். எனக்கு வட்டத்தைப் பிடிக்க இது ஒரு பெரிய காரணம். இன்னொன்றும் உண்டு. 1854-ல் லண்டனில் காலரா வந்தபோது டாக்டர் ஜான் ஸ்னோ ஒவ்வொரு சாவுக்கும் ஒரு சின்னக் கறுப்புக் கோடு வீதம், எந்த வீட்டில் சாவோ அந்த வாசலில் அடுக்கி வரைந்தார். பிராட் ஸ்ட்ரீட் தண்ணீர்ப் பம்பைச் சுற்றிக் கோடுகள் குவிந்தன. அபாரமான மேப், மறுக்கவில்லை. ஆனால் அதே மாதிரி 2020-ல் நம் தெருவுக்குப் போட்டிருந்தால்? தனிமைப்படுத்தப்பட்டவர் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டியதற்கே அக்கம்பக்கம் எப்படி நடந்துகொண்டது என்று நமக்குத் தெரியும். துல்லியமான புள்ளி ஆராய்ச்சிக்காரர் மேஜைக்கு நல்லது. ஊருக்குக் காட்டுவதற்குப் பத்துத் தெருவைச் சேர்த்த வட்டம் போதும்.

வட்டத்துக்கு எதிரான பெரிய வாதத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் என் வகுப்பு நண்பன் விடமாட்டான். அவன் கட்சி இது: "கண்ணே வட்டத்தைச் சரியாகப் படிக்காது, அப்புறம் நீ எவ்வளவு வர்க்கமூலம் எடுத்து என்ன?" உண்மைதான். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃப்ளானெரி 1956-ல் தன் ஆய்வேட்டில் இதைச் சோதித்தார். பெரிய வட்டத்தை மனிதர்கள் எப்போதும் கொஞ்சம் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார். வர்க்கமூலம் என்றால் அடுக்கு 0.5, அதை 0.57 ஆக்கினால் கண்ணின் தவறு ஈடுகட்டப்படும் என்றார். மேப் வரைகிற மென்பொருள்களில் ஃப்ளானெரி திருத்தம் என்று தனியாக ஒரு தேர்வே உண்டு.

இதைச் சுனாமியில் போட்டுப் பார்க்கலாம். 2004 டிசம்பர் 26. அரசுக் கணக்கில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்தவர்கள் 6,065 பேர். சென்னையில் 206. இருபத்தொன்பது மடங்கு. சரியான வர்க்கமூலக் கணக்கில் வட்டம் போட்டால் நாகப்பட்டினத்தின் ஆரம் சென்னையைப் போல 5.4 மடங்கு. ஃப்ளானெரி சொன்னபடி பார்த்தால் சாதாரணக் கண் அதை இருபத்தொன்பது மடங்காக உணராது, சுமார் பத்தொன்பது மடங்காகத்தான் உணரும். அதாவது அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் வேளாங்கண்ணியிலும் போன உயிர்களில் மூன்றில் ஒரு பங்கு, பார்ப்பவர் கண்ணில் படாமலே போகிறது. இப்படி எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் கணக்கு அதைத்தான் சொல்கிறது.

அப்படியானால் திருத்தம் செய்யலாமா? நண்பன் செய்யலாம் என்கிறான். நான் கூடாது என்கிறேன். திருத்தம் என்பது சராசரிக் கண்ணுக்கு. என் கண் சராசரியா, உங்கள் கண் சராசரியா? ஒருவர் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தால் திருத்திய மேப் தவறான எண்ணைக் கொடுக்கும். அளந்தால் சரியாக வருகிற மேப்தான் மேப். கண் குறைத்துப் பார்க்கிறது என்றால் மருந்து சுலபம். வட்டத்துக்குள்ளேயே எண்ணை எழுதிவிடுங்கள். 6,065. மூலையில் உள்ள விளக்கப் பெட்டியில் ஒரே ஒரு மாதிரி வட்டம் வைக்காமல் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று வையுங்கள். ஒப்பிட ஆதாரம் கொடுத்தால் கண் அவ்வளவு மோசமான கருவி இல்லை. மார்க்கெட்டில் தேங்காயைப் பார்த்தே அளவு சொல்கிறவர்கள் இருக்கிறார்களே!

இந்த நாகப்பட்டினம் வட்டத்தை எங்கே வைப்பது என்பது இன்னொரு கூத்து. கம்ப்யூட்டரிடம் விட்டால் மாவட்டத்தின் நடுமையத்தைக் கண்டுபிடித்து அங்கே வைக்கும். 2004-ல் நாகப்பட்டினம் மாவட்டம் இரண்டு துண்டு. வடக்கே மயிலாடுதுறை, சீர்காழி. தெற்கே நாகை, வேதாரண்யம். நடுவில் புதுச்சேரியைச் சேர்ந்த காரைக்கால். (மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆனது 2020-ல்.) இரண்டு துண்டுக்கும் நடு என்று பார்த்தால் வட்டம் காரைக்காலை ஒட்டியோ அதற்குள்ளேயோ போய் உட்காரும். காரைக்காலிலும் உயிர்கள் போயின, அதற்குத் தனி வட்டம் வேண்டும், இரண்டும் மோதிக்கொள்ளும். சாவு முழுக்கக் கடற்கரையில். ஆகவே வட்டத்தைக் கையால் நகர்த்திக் கடலோரத்தில், நாகை ஊருக்கு அருகே வைக்க வேண்டும். கடலுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. இதையெல்லாம் மென்பொருள் யோசிக்காது. ஊர் தெரிந்த ஆள் யோசிக்க வேண்டும்.

மழைக்கும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பர் 2 காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழைக்கு வழக்கமாகச் சம மழைக் கோடு போடுவார்கள், கோட்டுக்கு நடுவில் நீலச் சாயல்களை நிரப்புவார்கள். மழை எல்லா இடத்திலும் பெய்கிறது, அதனால் தொடர்ச்சியாகக் காட்டுவது சரி என்பது பாடம். நான் இங்கேயும் வட்டத்தின் பக்கம். மழைமானி இருக்கிற இடத்தில் மட்டும்தான் நாம் அளந்தோம். இடையில் உள்ள கோடெல்லாம் ஊகம். ஊகம் தப்பில்லை, ஆனால் வழவழவென்று நீலம் பூசினால் அதை ஊகம் என்று யார் நினைப்பார்கள்? வட்டம் போட்டால் எங்கெல்லாம் மழைமானியே இல்லை என்பதும் சேர்ந்து தெரியும். அந்த வெற்றிடத்தைப் பார்த்தாவது இன்னும் நாலு மானி வைக்கலாமே என்று யாருக்காவது தோன்றட்டும்.

கடைசியாக மறுபடியும் ஏரி. 2019 ஜூனில் புழல், செம்பரம்பாக்கம், பூண்டி, சோழவரம் நான்கிலும் சேர்த்து இருந்த தண்ணீர் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்த மாதிரி நாட்களில் எல்லோரும் தினமும் பார்க்கிற மேப்பை எப்படிப் போடலாம் என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். கொள்ளளவுக்கு வட்டம், அதற்குள் இருப்புக்கு நீலம். ஆனால் நீலத்தைத் தம்ளரில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி கீழிருந்து மேலே நிரப்பக் கூடாது. கால் உயரம் வரை நிரப்பினால் வட்டத்தின் பரப்பில் இருபது சதவீதம்கூடச் சரியாக வராது, 19.5-தான். பிட்சா துண்டு மாதிரி கோணத்தில் வெட்டுவதும் ஒரு வழி, மினார்ட் 1858-ல் பாரிஸுக்கு வந்த மாடுகளின் கணக்குக்கு அப்படித்தான் வெட்டினார். ஆனால் தண்ணீருக்குப் பிட்சா துண்டு ஒட்டவில்லை. என் யோசனை, பெரிய வட்டத்துக்குள் சின்ன நீல வட்டம். இரண்டுக்கும் ஒரே மையம், இரண்டுக்கும் ஒரே அளவை. வெயிலில் ஏரியும் அப்படித்தான் வற்றுகிறது, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. ஒரு சதவீதம் என்றால் நீல வட்டத்தின் ஆரம் வெளி வட்டத்தில் பத்தில் ஒன்று. மூன்று செ.மீ. வட்டத்துக்குள் மூன்று மி.மீ. நீலம். கீழே பெட்டியில் மூன்று மாதிரி வட்டங்கள், உள்ளே எண்கள், கண்ணன்கோட்டைக்குத் தனி வட்டம், தெற்கே வீராணத்துக்கு அம்புக்குறி போட்டு ஒன்று. ரெக்கார்டு நோட்டில் பென்சிலால் போட்டுவிட்டேன், மை போடுவதுதான் பாக்கி.